பரணிலிருந்து இறங்கிய டிடிபி கணினியும் பாட்டியின் விடுகதைகளும்

சித்தப்பா மன்னார்குடியில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். 1998-இல் ஆரம்பித்து 2009-இல் மூடினார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், கும்பாபிஷேக அழைப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் தெருவின் நல்லது கெட்டது எல்லாம் அவர் கணினி வழியாகத்தான் அச்சுக்குப் போனது. வேலை இல்லாத மத்தியான நேரங்களில் பாட்டியைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து, அவர் சொல்லும் விடுகதைகளைத் தட்டச்சு செய்து வைப்பார். புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசை. போடவில்லை. பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாதான் ஆரம்பித்தார். "அந்தப் பொட்டி பரண்லதான் கெடக்குப்பா. அதுலேர்ந்து பாட்டி சொன்னதை எடுக்க முடியுமா, பாரேன்."

எடுத்தேன். முழுதாக இல்லை, ஆனால் பெரும்பகுதி வந்துவிட்டது. எப்படி எடுத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு பெட்டி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கும்.

முதலில் சொல்ல வேண்டியது: பழைய கணினியைக் கீழே இறக்கியதும் பிளக்கில் செருகி "ஓடுதா பார்ப்போம்" என்று பொத்தானை அழுத்தக் கூடாது. சித்தப்பா பிளக்கைக் கையில் எடுத்துவிட்டார். தடுத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். பெண்டியம் 4, 256 எம்பி நினைவகம், 40 ஜிபி வன்தட்டு. மதர்போர்டில் பிராசசர் பக்கம் இருந்த கெபாசிட்டர்களில் நான்கு, தலை உப்பி, ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது ஊரறிந்த வியாதி. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சரியில்லாத கெபாசிட்டர்கள் அப்போது ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் வன்தட்டுக்குப் போகும் மின்னழுத்தம் ஒழுங்காக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நமக்கு வேண்டியது போர்டு அல்ல, தட்டு. நான்கு திருகைக் கழற்றித் தட்டை மட்டும் துண்டில் சுற்றிச் சென்னைக்கு எடுத்து வந்தேன்.

அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் வந்த, 40 பின் உள்ள தட்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஐடிஇ, அதற்குப் பின் வந்த சாட்டா இரண்டையும் யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிளும், கூடவே தட்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் கொடுக்கும் தனி அடாப்டரும் சேர்ந்தே கிடைக்கும். தட்டின் பின்பக்கம் ஜம்பர் என்ற சின்னச் செருகி இருக்கும், அதை மாஸ்டர் நிலையில் வைத்தேன். ஸ்லேவில் இருந்தால் இந்தக் கேபிள்களில் பலவற்றுக்குத் தட்டு கண்ணில் படாது. ரப்பர் பாய் விரித்து அதன்மேல் மட்டமாக வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். ஒரு சீறல், அப்புறம் சீரான ஓட்டம். கிளிக் கிளிக் என்று தலை அடிக்கும் சத்தம் இல்லை. மூச்சு வந்தது.

இந்த இடத்தில் ஆவல் மிகும். ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிடலாம் என்று கை துடிக்கும். நான் செய்த முதல் காரியம், என் லினக்ஸ் மின்ட் கணினியில் வெளித் தட்டைத் தானாகத் திறக்கும் வசதியை நிறுத்தி வைத்ததுதான். பதினைந்து வருடம் சும்மா கிடந்த தட்டில் ஒவ்வொரு வாசிப்பும் செலவு. அங்கும் இங்கும் துழாவுவதற்கு முன்னால் முதலிலிருந்து கடைசி வரை அப்படியே ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். அதற்கு நான் நம்புவது குனு டிடிரெஸ்க்யூ.

டிடிரெஸ்க்யூவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாதாரண நகலெடுக்கும் நிரல் கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது பிழை சொல்லி நின்றுவிடும். இது அப்படி இல்லை. எளிதாக வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். எதை எடுத்தோம், எதைத் தாண்டினோம் என்பதை ஒரு சிறு உரைக் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். வரைபடக் கோப்பு என்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து, ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும். சாகக் கிடக்கும் தட்டிடம் இதைவிட மரியாதையாக நடந்துகொள்ள முடியாது. இதற்கு ஒரு பைசா விலை இல்லை. கடையில் கேட்டபோது இதே வேலைக்குச் சொன்ன தொகையில் புதிய தட்டு மூன்று வாங்கலாம்.

கட்டளை கொடுக்கும்போது எது மூலம், எது சேருமிடம் என்று மூன்று முறை பார்த்தேன். மாற்றிக் கொடுத்தால் பாட்டியின் விடுகதைகளே அழிந்துபோகலாம். தட்டின் அளவையும் தொடர் எண்ணையும் சரிபார்த்துவிட்டுத்தான் எண்டர் தட்டினேன்.

முதல் சுற்று, சுரண்டும் வேலையே வேண்டாம் என்ற தெரிவுடன். 50 நிமிடத்தில் ஏறக்குறைய முழுத் தட்டும் வந்துவிட்டது. நடுவில் கரண்ட் போனது. மடிக்கணினி பேட்டரியில் நின்றது, தட்டு நின்றுவிட்டது. கரண்ட் வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். வரைபடக் கோப்பைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். மறுபடி இணையும்போது தட்டுக்குக் கணினி வேறு பெயர் கொடுத்திருக்கலாம். எனக்குக் கடைசி எழுத்து பி-யிலிருந்து சி-க்கு மாறியிருந்தது. பார்க்காமல் பழைய கட்டளையை அப்படியே ஓட்டக் கூடாது.

இரண்டாம் சுற்றை இரவு முழுக்க விட்டேன். காலையில் மிச்சம் வராதது 11 எம்பி. 40 ஜிபியில் 11 எம்பி என்றால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அந்த 11 எம்பி எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

தட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். இனி வேலையெல்லாம் நகலில். நகலாக வந்த ஒற்றைப் பெரிய கோப்பை லூப் சாதனமாக, படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றினால் பழைய தட்டே செருகியிருப்பது போல லினக்ஸ் காட்டும். சி, டி என்று இரண்டு பகிர்வு, இரண்டும் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில். டி-யில் 'கல்யாணம்', 'நோட்டீஸ்', 'கோயில்', 'கேம்ஸ்', 'வீடு' என்று ஆங்கில எழுத்தில் ஃபோல்டர்கள். 'வீடு' உள்ளே 'பாட்டி1' முதல் 'பாட்டி6' வரை ஆறு பேஜ்மேக்கர் 6.5 கோப்புகள். உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆறு இருக்கா? அஞ்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பேஜ்மேக்கர் இப்போது எங்கும் இல்லை. ஆல்டஸ் நிறுவனம் உருவாக்கி, 1994-இல் அடோபியிடம் போய், 7-ஆம் பதிப்போடு நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் டிடிபி என்றாலே பேஜ்மேக்கர்தான். அது இல்லாமல் அதன் கோப்பைத் திறக்க எனக்குக் கை கொடுத்தது லிப்ரே ஆஃபிஸ் என்ற திறந்த மூல அலுவலகத் தொகுப்பு. அதன் டிரா பகுதி பேஜ்மேக்கர் கோப்பை இறக்குமதி செய்யும். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. யாரும் விற்காத, யாரும் ஆதரிக்காத ஒரு கோப்பு வடிவத்தை உட்கார்ந்து பிரித்துப் படித்து, அதற்கு ஒரு நூலகம் எழுதி, சும்மா கொடுத்திருக்கிறார்கள். திறந்த மூல மென்பொருள் என்றால் விலை இல்லாதது என்று மட்டும் நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். கைவிடப்பட்ட வடிவத்துக்கும் இங்கே ஆள் இருக்கிறார்கள்.

ஐந்து கோப்புகள் திறந்தன. ஓரக் கட்டங்கள் நகர்ந்திருந்தன, பக்க எண் காணோம். ஆனால் எழுத்து வந்துவிட்டது. நான்காவது கோப்பு திறக்கவில்லை. அந்த 11 எம்பியில் ஒரு பங்கு அதன் நடுவில் விழுந்திருந்தது.

வந்த எழுத்து தமிழாக இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. பாமினி எழுத்துரு. நகலிலேயே விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டர் இருந்ததால் அங்கிருந்து எடுத்து நிறுவினேன். ஒரு நொடியில் பக்கம் முழுக்கத் தமிழ். முதல் வரி:

"அடிக்காம திட்டாம கண்ணீரை வரவைப்பா, அவ யாரு? வெங்காயம்."

பாட்டி குரலில்தான் படித்தேன்.

ஆனால் அது கண்ணுக்கு மட்டும் தமிழ். தேட முடியாது, வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மறுபடி கிறுக்கல்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடாக மாற்றினால்தான் இது பாட்டியின் விடுகதை, இல்லையென்றால் படம்.

பாமினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மாற்றுவது கடினமில்லை. அது தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பை ஒட்டியது. டைப்ரைட்டிங் வகுப்பில் 'யளனகப' அடித்துப் பழகியவர்களுக்குக் கை அப்படியே போகும். சித்தப்பாவும் அப்படி வந்தவர்தான். கணினிக்கு அங்கே தமிழே தெரியாது. 'தமிழ்' என்று நாம் பார்ப்பதை அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று சேமித்திருக்கும். ஜே-க்குத் த-வின் வடிவம், கே-க்கு ம-வின் வடிவம், அரைப்புள்ளிக்கு மெய்யின் புள்ளி. சிறிய எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. ஆகவே அட்டவணை போட்டு ஒன்றுக்கு ஒன்று மாற்றலாம். சிக்கல் கொம்பில் வரும். தட்டச்சில் முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து. 'கொ' என்பது கொம்பு, க, கால் என்ற வரிசையில் கிடக்கும். யுனிகோடில் முதலில் க, அதன் பிறகுதான் குறி. எனவே நீளமான கோவைகளை முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் சின்னவற்றுக்கு வர வேண்டும்.

இதற்கு ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றன. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் பகுதி உண்டு. நான் புரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதற்காக ஒரு சிறு பைத்தான் நிரலை நானே எழுதினேன். ஓட்டினேன். பக்கம் பக்கமாக யுனிகோடு தமிழ் வந்து விழுந்தது. இந்த வரி வரும்வரை:

"வௌ்ளை ராசாவுக்குக் கறுப்பு உடுப்பு, அது என்ன? உளுந்து."

'வௌ்ளை'. செய்தித் தளங்களில் 'வௌியீடு', 'வௌ்ளம்' என்று பார்த்திருப்பீர்கள். ஏன் இப்படி வருகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தட்டச்சில் ஔகாரக் குறிக்கென்று தனி விசை இல்லை. கொம்பு, எழுத்து, அதன்பின் ள-வையே போட்டுவிடுவார்கள். பார்க்க ஒன்றுதான். 'கௌரவம்' அடிக்கவும் ள, 'வெள்ளை' அடிக்கவும் ள. அச்சில் வித்தியாசம் கிடையாது, எனவே யாருக்கும் கவலை இல்லை. மாற்றும் நிரல் மட்டும் கொம்புக்கும் எழுத்துக்கும் பின்னால் ள-வைப் பார்த்ததும் ஔகாரம் என்று முடிவு கட்டிவிடுகிறது.

சரி, ஒரு விதி போட்டேன். அந்த ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ள. 'வெள்ளை', 'தெளிவு', 'வெளியே' மூன்றும் சரியாகிவிட்டன. 'வௌவால்' என்ற விடையும் சரியாக நின்றது, அங்கே ள-வுக்குப் பின்னால் வருவது வ. வேலை முடிந்தது என்று அச்சுப்படி எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன். "தம்பி, மின்மினி விடுகதையப் பாரு. பாட்டி 'வெளக்கு'ன்னுதான் சொல்லும். நானும் அப்படித்தான் அடிச்சிருக்கேன். இதுல 'வௌக்கு'ன்னு இருக்கு. படிக்கவே முடியல."

எடுத்துப் பார்த்தேன். "எண்ணெய் இல்லாத வெளக்கு, எடுக்கக் கையில்லாத வெளக்கு." வெளக்கு, வெளஞ்ச, வெளக்கமாறு. பேச்சு வழக்கில் ள-வுக்குப் பின்னால் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. விதியின் கண்ணில் 'வெளக்கு'ம் 'வௌவா'லும் ஒரே ஜாதி. எழுத்தை மட்டும் பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது. தமிழ் தெரிந்தவர் ஒருவர் படித்தால்தான் முடியும்.

அதனால் தலைகீழாக மாற்றினேன். எல்லா இடத்திலும் ள என்றே வை, ஔகாரம் வரும் சொற்களை மட்டும் தனிப் பட்டியலாகக் கொடு. தமிழில் அப்படிப்பட்ட சொற்கள் கொஞ்சம்தான். வௌவால், மௌனம், பௌர்ணமி, கௌரவம், சௌக்கியம், தௌலத்து என்று சித்தப்பா போனிலேயே சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டேன். ஐந்து கோப்பிலும் சேர்த்து 118 விடுகதை. அதில் உண்மையான ஔகாரம் நான்கு இடத்தில்தான். மறுபடி ஓட்டி, மறுபடி அனுப்பினேன். இந்த முறை போன் வரவில்லை, "ஓகே" என்று ஒரு செய்தி.

அதே தட்டில் 'கேம்ஸ்' ஃபோல்டரும் இருந்தது. டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டிக்கர். கோடை விடுமுறையில் சித்தப்பா கடைக்குப் போனால், ப்ரூஃப் பார்க்க வந்தவர் காகிதத்தோடு பெஞ்சில் உட்காரும் அந்த அரை மணி நேரம் கணினி எங்களுடையது. மூன்றையும் டாஸ்பாக்ஸில் போட்டேன். பழைய டாஸ் கணினியை முழுதாக மென்பொருளாலேயே நடித்துக் காட்டும் திறந்த மூல நிரல் அது, 2002-இலிருந்து வருகிறது. ஒரு ஃபோல்டரை சி டிரைவ் என்று அறிவித்துவிட்டு விளையாட்டின் பெயரைத் தட்டினால் போதும். வேகம் ஒத்துவரவில்லை என்றால் கண்ட்ரோலோடு எஃப்11 மெதுவாக்கும், எஃப்12 வேகமாக்கும்.

பிரின்ஸ் இன்றைக்கும் நல்ல விளையாட்டு. ஓடி வந்து ஓரத்தில் பிடித்துத் தொங்கும் அந்த உடல் அசைவில் பாரம் இருக்கிறது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைச் சட்டம் சட்டமாக வரைந்து உருவாக்கியது. 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிடம்தான் கெடு. எங்களில் யாரும் நேர்வழியில் முடித்ததில்லை. 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டித் தொடங்கினால் கட்டத்தைத் தாண்டலாம் என்பது தமிழ்நாட்டுக் கணினி மையங்களில் வாய்வழியாகப் பரவிய ரகசியம்.

அந்த விளையாட்டின் மூல நிரல் பல வருடம் தொலைந்து கிடந்தது. மெக்னரின் அப்பா பழைய சாமான்களிலிருந்து ஒரு பெட்டி ஃப்ளாப்பியை அனுப்பிவைக்க, 2012-இல் பழைய கணினி தெரிந்தவர்கள் சிலர் கூடி உட்கார்ந்து அவற்றைப் படித்து எடுத்தார்கள். மெக்னர் அதை யாரும் பார்க்கும்படி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்துவிட்டார். டிடிரெஸ்க்யூவின் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில் இந்த நினைப்புதான் எனக்குத் தெம்பு. உலகம் முழுக்க ஆடிய விளையாட்டுக்கும், மன்னார்குடி பாட்டியின் விடுகதைக்கும் காந்தத் தட்டின் ஆயுள் ஒன்றுதான். யாராவது நேரத்தில் போய் எடுக்க வேண்டும்.

புத்தகத்தை ஸ்கிரைபஸ் என்ற திறந்த மூலப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் போடுகிறேன். பழைய பதிப்புகளில் தமிழ்க் கொம்பு இடம் மாறி விழும். 1.6-இல் ஒழுங்காக வருகிறது. எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். டிடிபி வேலை செய்யும் நண்பர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அச்சகத்துக்குப் பிடிஎஃப் எப்படியும் கொடுங்கள், உங்களிடம் வைத்துக்கொள்ளும் பிரதி யுனிகோடில் இருக்கட்டும், கூடவே வெறும் உரைக் கோப்பாக ஒன்று. உரைக் கோப்பைத் திறக்க எந்தக் காலத்திலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

'பாட்டி4' இன்னும் பாக்கி. வரைபடக் கோப்பை வைத்து, கெட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் பகுதிகளைத் தனியே வெட்டி எடுத்து, அதற்குள் பாமினி எழுத்துக் கோவைகளைத் தேடினேன். ஆறு விடுகதை முழுசாகக் கிடைத்தது. மூன்றுக்குக் கேள்வி மட்டும் இருக்கிறது, விடை இல்லை. அந்த மூன்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திருவாரூர் அத்தை ஒன்றுக்கு உடனே விடை சொல்லிவிட்டார், 'தேள்'. மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

நேற்று சித்தப்பா பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறார். உள்ளே 1.44 எம்பி ஃப்ளாப்பி பத்தொன்பது, ஒன்றின் மேல் பால்பாயின்ட் பேனாவில் 'அம்மா' என்று எழுதியிருக்கிறதாம். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி போகிறேன்.